பள்ளிக்கூட வாசலுக்கு அப்பால்: தமிழகத்தில் வளரிளம் பருவத் தற்கொலை ஆய்வின் பாதை

2004 ஏப்ரலில் லான்செட் மருத்துவ இதழில் சிறு கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையினர். கணியம்பாடி ஒன்றியத்தில், ஏறத்தாழ 1,08,000 மக்களிடையே, 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 வயதுக்குள் இறந்தவர்களைப் பற்றி அவர்கள் ஆராய்ந்திருந்தார்கள். தற்கொலையால் இறந்த பெண்கள் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 148 பேர், ஆண்கள் 58 பேர். அந்த வயதில் இறந்த ஆண்களில் சுமார் கால் பங்கினரும், பெண்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரையிலானவர்களும் தற்கொலையால் இறந்திருந்தனர். அதே காலத்தில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எல்லா வயதினருக்குமாகக் கணக்கிட்ட தேசிய விகிதம் இலட்சத்துக்குப் பத்து, பதினொன்று என்ற அளவில்தான் இருந்தது.

இரண்டு கணக்குகளுக்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன் என்பதற்கான விடை, அவை எடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. அரசின் எண் காவல் நிலையத்தில் பிறக்கிறது. வழக்குப் பதிவு, பிரேதப் பரிசோதனை, ஊர்ப் பேச்சு ஆகிய மூன்றுக்கும் அஞ்சும் குடும்பம், மகளின் இறப்பைத் ‘தீராத வயிற்றுவலி’ என்று சொல்லி முடித்துக்கொள்ளும். நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தைப் படித்து வளர்ந்த எவருக்கும் அந்தச் சொற்றொடர் பழக்கம்தான். வேலூர்க் குழுவினர் ‘வாய்மொழிப் பிணக்கூறு’ என்ற முறையைக் கையாண்டார்கள். ஊரிலேயே வாழும் சுகாதாரப் பணியாளர் ஒரு வீட்டில் நிகழ்ந்த இறப்பை அறிந்து சொல்வார். செவிலியர் போய் விசாரிப்பார். மருத்துவர் அதைச் சரிபார்ப்பார். அந்தப் பணியாளர் ஊர்க்காரர், அதே கிணற்றடிக்கும் அதே ரேஷன் கடைக்கும் வந்து போகிறவர். காவலரிடம் சொல்லாததை வீட்டார் அவரிடம் சொன்னார்கள். இந்தத் துறையில் தமிழகம் உலகுக்குக் கொடுத்தவற்றுள் இந்த நம்பிக்கையான விசாரிப்பையே முதலிடத்தில் வைப்பேன்.

இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1960களில் மதுரை மருத்துவக் கல்லூரியில் ஏ. வெங்கோபராவ் மனநல மருத்துவத் துறையை வளர்த்தபோது, தற்கொலையைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்தார். கணபதியுடன் சேர்ந்து அவர் 1966இல் வெளியிட்ட மதுரை ஆய்வு இந்தியாவின் முன்னோடி முயற்சிகளில் ஒன்று. 1980இல் சென்னையைப் பற்றிப் பொன்னுதுரையும் ஜெயகரும் எழுதினார்கள். மருத்துவமனைக்கோ பிணவறைக்கோ வந்து சேர்ந்தவர்களைத்தான் அன்றைய ஆய்வுகளால் எண்ண முடிந்தது. வளரிளம் பருவத்தினர் அவற்றில் ஒரு வயதுப் பிரிவாக மட்டுமே இடம்பெற்றார்கள்.

1986இல் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். ஆய்வும் களப்பணியும் ஒரே இடத்தில் கூடியது அப்போதுதான். தொலைபேசியில் அழைத்தவர்கள் சொன்னவை ஆய்வுக்குக் கேள்விகளாயின. 1999இல் அவரும் ராஜ்குமாரும் வெளியிட்ட சென்னை ஒப்பாய்வில், இறந்த 100 பேரில் 88 பேருக்கு மனநோய் ஏதோவொன்று இருந்ததாகக் கண்டார்கள். 2010இல் வேலூரிலிருந்து மனோரஞ்சிதம் குழுவினர் அதே முறையில் 100 பேரை ஆராய்ந்தபோது 37 பேருக்கு மட்டுமே அப்படி இருந்தது. அவர்கள் கண்ட பெரிய காரணிகள் தொடர்ந்து அழுத்தும் வாழ்க்கைச் சிக்கலும் நாள்பட்ட உடல் வலியும். ஆய்வு நிகழ்ந்த இடம், நோயை வரையறுத்த விதம், விசாரித்த முறை எல்லாமே முடிவை மாற்றக்கூடியவை. ஆனாலும் கிராமப்புற வளரிளம் பருவத்தினரைப் பொறுத்தவரை வேலூர்ப் பார்வையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 2004 கட்டுரை குறித்த காரணங்களைப் பாருங்கள்: குடும்பச் சண்டை, வீட்டு வன்முறை, படிப்பில் தோல்வி, கைகூடாத காதல். மனநோயும் அந்தப் பட்டியலில் இருந்தது, ஆனால் பலவற்றுள் ஒன்றாக. பதினாறு வயதில் இவற்றில் எதுவும் வந்துபோகும் நெருக்கடியாகவே இருக்கும். அந்தச் சில மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

கடந்த கால் நூற்றாண்டில் பலன் தந்த தலையீடுகளை அடுக்கிப் பார்த்தால், அவற்றில் பலவும் சூழலைத் திருத்தியவை என்பது புலப்படும். தேர்வு முடிவு வரும் நாளையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் நாளிதழில் அச்சாகும். டீக்கடை பெஞ்சில் விரித்த தாளில் தன் எண் இல்லை என்பதைப் பத்துப் பேர் நடுவே பிள்ளை தெரிந்துகொள்ளும். மறுதேர்வு எழுதினாலும் கல்லூரிச் சேர்க்கை போய்விடும், ஓராண்டு வீண். தோற்ற பாடத்தைச் சில வாரங்களுக்குள் எழுதி அதே ஆண்டில் மேலே படிக்க வழி வேண்டும் என்று சினேகா வாதாடியது. 2000களின் தொடக்கத்தில் தமிழக அரசு உடனடித் தேர்வைக் கொண்டுவந்தது. 2017இல் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதையும் நிறுத்தியது. ஒரு தேதியை முன்னுக்கு நகர்த்தியதும் ஒரு பட்டியலை விட்டுவிட்டதும் கோடிக்கணக்கில் செலவு வைக்காத காரியங்கள். ஆனால் அதே 2017இல் மருத்துவப் படிப்புக்கு நீட் கட்டாயமானது. ஒற்றைத் தேர்வின் மீது மொத்த வாழ்வையும் சாய்க்கும் அழுத்தம் மறுபடி வந்து சேர்ந்தது.

பூச்சிமருந்து வரலாறு இன்னும் தெளிவானது. இலங்கை 1995இலும் 1998இலும் மிகுநச்சு மருந்துகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1995இல் இலட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2005இல் 24 ஆகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை என்பதையும் அங்கே ஆராய்ந்து காட்டினார்கள். தமிழகத்தில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு ஊர்களில் பொதுச் சேமிப்பறை கட்டி, ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுடன் தனிப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வு நல்ல பலனைக் காட்டியது, ஆனால் ஊர்களின் எண்ணிக்கை குறைவு. இலங்கையில் 53,000க்கும் மேற்பட்ட வீடுகளை உட்படுத்திய பெரிய ஆய்வு 2017இல் முடிந்தது. வீட்டுக்குள்ளேயே பூட்டுப்பெட்டி வைப்பதால் பயன் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கையில், மருந்து வீட்டை விட்டு வெளியே இருப்பதும் கொடிய வகைகள் கடையிலேயே இல்லாதிருப்பதும்தான் காக்கும் என்று தோன்றுகிறது. 2023இன் தொடக்கத்தில் தமிழக அரசு ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. அறுபது நாள் போதாது என்பதே இலங்கை தரும் சான்று.

மூன்றாவது தலையீடு எளிமையிலும் எளிமை. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரைச் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் உலகச் சுகாதார நிறுவனம் தொடர்ந்து கவனித்தது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருடன் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தார்கள். 2008இல் வந்த முடிவு: வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் பின்னர் தற்கொலையால் இறந்தனர், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர்.

பள்ளிகளுக்கான சான்று ஐரோப்பாவிலிருந்து வந்தது. பத்து நாடுகளின் 168 பள்ளிகளில் 11,000க்கு மேற்பட்ட மாணவரிடையே நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மாணவர்களே கூடிப் பேசி நடித்துக் கற்கும் பயிற்சி ஓராண்டில் தற்கொலை முயற்சிகளைப் பாதியாகக் குறைத்தது. ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி தந்தது அந்த அளவுக்குப் பலிக்கவில்லை.

இங்கேதான் என் குறை. கணியம்பாடி காட்டிய மிகப் பெரிய ஆபத்து கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு. 2012இல் வந்த தேசிய அளவிலான இறப்பு ஆய்வும், தற்கொலையால் இறந்த பெண்களில் 56 விழுக்காட்டினர் 15 முதல் 29 வயதினர் என்றது. ஆனால் அதன் பிறகு வந்த திட்டங்களில் பெரும்பாலானவை தேர்வையும் வகுப்பறையையும் கல்லூரியையும் சுற்றியே நிற்கின்றன. 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘மனம்’ மன்றங்களும் கல்லூரி வளாகத்துக்குள் இருப்பவைதாம். பத்தாவதோடோ பன்னிரண்டாவதோடோ நின்றுவிட்ட பெண்ணை எந்த ஆலோசகர் சந்திக்கிறார்?

கரிவலம்வந்தநல்லூரை வைத்து இதை யோசிக்கலாம். சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் போகும் சாலையில், பால்வண்ணநாதர் கோயிலைச் சுற்றி அமைந்த விவசாய ஊர். பருத்தி விளையும் வட்டாரம் என்பதால் பூச்சிமருந்து அன்றாடப் பொருள். இராஜபாளையத்து நூற்பாலைகளும் சங்கரன்கோவில் விசைத்தறிகளும் பக்கம். படிப்பை நிறுத்திய பெண் வீட்டு வேலைக்கும் காட்டு வேலைக்கும் மில்லுக்கும் பங்கிடப்படுகிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, கைபேசியைப் பிடுங்குவது, யாரோடு பேசினாள் என்று அடிப்பது எல்லாம் வீட்டுக்குள் நடக்கின்றன. மனநல மருத்துவரைப் பார்க்கப் பெரும்பாலும் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும், துணைக்கு வரவேண்டியவர்களும் அதே வீட்டார். 14416 என்ற அரசு மனநல எண்ணும், 104 மருத்துவ உதவி எண்ணும், 1098 குழந்தைகள் உதவி எண்ணும், சினேகாவின் 044-24640050 எண்ணும் இருக்கின்றன. தனிக் கைபேசி இல்லாத பெண் அவற்றை எங்கிருந்து அழைப்பாள்?

அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வளரிளம் பெண்களின் இரத்தசோகையை விசாரிக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். வேலூரின் ஊர்ப் பணியாளர் பெற்ற நம்பிக்கையை இவர்களும் பெற முடியும்.

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்பட்டாலொழிய, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ‘போலீஸ் கேஸ்’ ஆகிவிடும் என்று மறைப்பதற்கான பழைய காரணம் இதனால் வலுவிழந்துவிட்டது. எனவே சங்கரன்கோவில் வட்டத்தில் தொடங்கத்தக்க ஆய்வு ஒன்றை முன்வைக்கிறேன். நஞ்சருந்திப் பிழைத்து அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் 10 முதல் 19 வயதினர் ஒவ்வொருவரையும், பள்ளிக்குப் போகிறவரோ போகாதவரோ, அந்தந்த ஊர்ச் செவிலியர் 18 மாதங்களில் ஒன்பது முறை தனியே சந்தித்துப் பேச வேண்டும். வீட்டில் அடி இருந்தால் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவிக்க வேண்டும். பருத்திக் காட்டு மருந்தை வீட்டில் வைக்காதிருக்க ஊருக்கு ஒரு பொது அறையைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் தரலாம். இவ்வளவுக்கும் புதிதாக ஒரு பணியிடமும் உருவாக்க வேண்டியதில்லை. செவிலியரின் பதிவேட்டில் ஒரு பக்கம் கூடும், அந்தப் பக்கத்தை நிரப்ப அவருக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும்.