விரிசல் காட்டிய ஓவியம்

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், வகுப்பறைச் சுவரில் விரிசல் கண்டால் கொத்தனாரை அழைப்போம். அவர் விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவார். திண்ணென்று ஒலித்தால் விரிசலை மட்டும் அடைப்பார். பொள்ளென்று ஒலித்தால் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். அதைக் கொத்தித் தள்ளிவிட்டுப் புதிதாகப் பூசுவார். மாணவர்களே, இந்த எளிய முறை தஞ்சைப் பெரிய கோயிலில் செல்லாமற் போன வரலாற்றை இன்று சொல்லப் புகுகிறேன்.

முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்த அக்கோயிலின் கருவறையைச் சுற்றி இருள் சூழ்ந்த உட்சுற்று ஒன்று உண்டு. அதன் சுவர்களில் சோழர் கால ஓவியர் சுண்ணாம்புக் காரை பூசி வண்ணம் தீட்டினர். பின்னர் நாயக்கர் ஆட்சியில், அவ்வோவியங்களின் மீதே மற்றொரு பூச்சு ஏறியது. அதன்மேல் வேறு ஓவியங்கள் எழுந்தன. கீழே இருந்ததை உலகம் மறந்தது.

சொரசொரப்பான பரப்பைக் காரை கவ்விப் பிடிக்கும். வழவழப்பான பரப்பில் அத்துணைப் பிடிப்பு இராது. பழைய சுவரைக் கொத்திவிட்டுக் கொத்தனார் பூசுவது இதனாலேதான். பெரிய கோயிலின் மேற்பூச்சும் நாளடைவில் வெடித்தது. 1931 ஏப்ரலில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி விளக்குடன் அவ்விருளில் நுழைந்தார். முதலில் கண்டவை பிற்கால ஓவியங்களே. வெடித்து நின்ற பூச்சைத் தொட்டார். அது பெயர்ந்து விழுந்தது. உள்ளே சோழர் ஓவியம்! சுந்தரர் வரலாறும் திரிபுரம் எரித்த காட்சியும் இவ்வாறே நமக்குக் கிடைத்தன. கடமை தவறாத எவரேனும் அவ்விரிசலை முன்னரே செவ்வனே அடைத்திருந்தால் என் செய்வது! (நானாக இருந்தால் அடைத்திருப்பேன்.)

இனித்தான் இடர்ப்பாடு. மேற்பூச்சை ஒட்டவைத்தால் சோழர் ஓவியம் மீண்டும் மறையும். கொத்தித் தள்ளினால் நாயக்கர் ஓவியம் அழியும். பிந்தியது என்பதற்காக அதனை இழக்கலாமா? அதுவும் நம் முன்னோர் கைவண்ணமே. தொல்லியல் துறையினர் மூன்றாவது வழி கண்டனர். பதினாறு நாயக்கர் ஓவியங்களைப் பூச்சோடு பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தனர்.

அவ்வோவியங்களைக் கோயில் வளாகத்திலுள்ள காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். சோழர் ஓவியங்கள் உள்ள உட்சுற்றிலோ பொதுமக்களை விடுவதில்லை. ஒரு சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தவை இன்று வேறு வேறு இடங்களில் இருக்கின்றன.