சயாமிய இரட்டையர்

உடல் ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பற்றிய செய்திகளில் இந்தப் பெயர் இன்னும் தலைகாட்டுகிறது. மருத்துவர்கள் வைத்த பெயரல்ல இது. காட்சிக்கு ஆள் சேர்க்க அடித்த விளம்பரத் தாள்கள் பரப்பிய பெயர்.

1811இல் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பிறந்தவர்கள் சாங், எங். மார்புக்குக் கீழே ஒரு தசைப்பட்டை இருவரையும் இணைத்திருந்தது. 1829இல் ராபர்ட் ஹன்டர் என்ற வணிகரும் ஏபல் காஃபின் என்ற கப்பல் தலைவரும் அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார்கள். தந்தை சீனர் என்பதால் சொந்த நாட்டில் 'சீன இரட்டையர்'. கடல் கடந்ததும் 'சயாமிய இரட்டையர்'.

1832இல் அந்தப் பிடியிலிருந்து விலகித் தங்கள் காட்சிகளைத் தாங்களே நடத்தினார்கள். பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் இவர்களை நினைப்பது அநியாயம். வட கரோலினாவில் நிலம் வாங்கினார்கள், பங்க்கர் என்று குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள், 1843இல் அக்கா தங்கை இருவரை மணந்தார்கள். அடிமைகளையும் வைத்திருந்தார்கள், அதை மறைப்பதற்கில்லை. 1868-69இல், விக்டோரியா காலத்து பிரிட்டனில் மறுபடி மேடையேறினார்கள். 1874 ஜனவரி 17 அன்று, சில மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள்.

மருத்துவம் இன்று நாட்டின் பெயரை விட்டுவிட்டது. தமிழில் 'ஒட்டிப்பிறந்த இரட்டையர்' என்பதே வழக்கு, அதுவே பொருத்தம்.