சுமைக் கணக்கு

இன்டர்லாக்கனில் இருந்து லவுட்டர்புருனன் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். இப்போது ரயிலில் இருபது நிமிடம். 1911 கோடையிலும் அந்த ரயில் இருந்தது. 1890 முதலே ஓடுகிறது. ஆனாலும் அந்தக் கோடையில் இங்கிலாந்தில் இருந்து வந்த பன்னிரண்டு பேரளவிலான ஒரு குழு முதுகில் பெரிய மூட்டைகளோடு மலைப்பாதை வழியாக நடந்தே லவுட்டர்புருனன் போய், அங்கிருந்து 1,638 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூரனுக்கும் ஏறியது. அதில் ஒருவர் 19 வயது ஜே.ஆர்.ஆர். டோல்கீன். வரைபடத்தைப் பார்த்து, பெருந்தெருக்களைத் தவிர்த்து நடந்ததையும், ஆண்கள் வைக்கோல் பரணிலும் மாட்டுக் கொட்டிலிலும் படுத்ததையும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு மகனுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். ‘ஹாபிட்’ நாவலில் பில்போ மூடுபனி மலைகளைக் கடக்கும் பயணம் இந்த நடையில் இருந்து வந்தது என்றும் அதிலேயே சொல்கிறார்.

இதை நான் தெரிந்துகொண்டது இன்டர்லாக்கனில் மச்சான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு சண்டைக்கு நடுவில். மச்சான் இங்கே ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். சூரிச்சில் இருந்து வார இறுதிக்குப் போயிருந்தோம். அவன் பிள்ளைகளும் என் மகளும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள். நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். என்னை நடுவராக இருத்தியிருந்தார்கள்.

சண்டை சுமையைப் பற்றி. ஒரு பாத்திரம் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று விதி இருக்கிறது. “அப்பா, இதை விட்டிடுவம். கணக்குப் பாக்கவே பாதி நேரம் போகுது,” என்றாள் மகள். பெரும்பாலான மேசைகளில் அதை யாரும் பார்ப்பதில்லை. நான்தான் பிடிவாதமாக வேண்டும் என்றேன்.

விதி எவ்வளவு யதார்த்தமாக இருக்க வேண்டும் என்ற இந்தச் சச்சரவுக்கு இருநூறு வயது. 1812இல் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு ஃபொன் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு ஒரு போர் விளையாட்டு மேசையைக் காட்டினார். அவருடைய மகன், பீரங்கிப் படை அதிகாரி, 1824இல் அதை 1:8000 அளவுள்ள வரைபடத்தில் ஆடும் ‘கிரீக்ஸ்பீல்’ ஆக வெளியிட்டார். ஒவ்வொரு நகர்வும் இரண்டு நிமிட நேரம். சதுரங்கத்தில் குதிரை வெட்டினால் எதிரி முழுதாகப் போய்விடும். இங்கே பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கழிக்க வேண்டும். அதிகாரிகளுக்கு அட்டவணை பார்த்தே அலுத்துப் போனது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி அட்டவணையையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்லட்டும் என்றார். அட்டவணை சொல்வதா, ஆள் சொல்வதா? ஐம்பது ஆண்டு முன்பின்னாக இரண்டு பதிலும் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் அலைந்திருக்கிறார்கள்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டாவின் டேவ் ஆர்னெசனும் செய்தது. (ஜெனீவா என்று கேட்டதும் என் மகளுக்குச் சிரிப்பு.) கைகாக்ஸ் அதற்கு முன் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த விதிப்புத்தகங்களைப் புரட்டினால், இடர்களை அட்டவணை போட்டே வாழ்ந்த மனிதர் என்று எனக்குத் தோன்றும். என் தொழிலும் அதுதான்: உலகத்தைக் கட்டங்களாக்குவது, எந்தக் கட்டம் தேவையில்லை என்று முடிவெடுப்பது.

அந்த முதல் பதிப்பில் பாரத்தின் அலகு தங்கக் காசு. வாளுக்கு 50 காசு. முழு உலோகக் கவசத்துக்கு 750. ஒரு மனிதனைத் தூக்கினால் 1,750. அதிகபட்சம் 3,000, அதற்குப் பாதி வேகம். கயிறு, சாக்கு, உள்ளிப்பூண்டு முதலான சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து ஒரே எண், 80. பத்துக் காசு ஒரு இறாத்தல் என்று பிற்பாடு வந்த பதிப்பு சொல்கிறது. அப்படியானால் ஒரு காசு 45 கிராம், நம் கணக்கில் ஐந்தரைப் பவுணுக்கு மேல். அப்படி ஒரு காசை யார் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள்? 1979இல் கைகாக்ஸ், இந்த எண் வெறும் எடை அல்ல, எடையும் பருமனும் சேர்ந்த அளவு என்று விளக்கம் எழுதினார். யதார்த்தம் என்று வாதாடியவர்களும் சுருக்கம் என்று வாதாடியவர்களும் ஒரே எண்ணுக்காகத்தான் அடிபட்டிருக்கிறார்கள்.

எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. ஏன் காசு? அந்த விளையாட்டில் பாதாளத்துக்குள் இறங்குவதே பொன் எடுக்க. பாத்திரம் பெரும்பாலும் வளர்வது பொன்னை வெளியே கொண்டுவருவதால்தான். எனவே எவ்வளவு பொன் தூக்கலாம் என்பதில் விதி கறாராக இருக்கிறது. கயிறும் பூண்டும் அதற்குப் பொருட்டே அல்ல. எதைத் துல்லியமாக எண்ணுவது, எதை 80 என்று ஒரு மூட்டையாகக் கட்டிவிடுவது என்பதில்தான் அந்த விளையாட்டு எதை மதிக்கிறது என்று தெரியும்.

காயத்திலும் இதே கதை. உயிர்ப்புள்ளி என்ற ஒரே எண் குறைந்துகொண்டே வரும். பூச்சியமாகும்வரை ஆள் நன்றாகவே ஓடுவான், வெட்டுவான். இதை ஆர்னெசன் கடற்போர் விளையாட்டில் இருந்து எடுத்தார். கப்பலுக்குப் பொருந்தியது, மனிதனுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. 1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ இதை ஏற்கவில்லை. உண்மையாகவே கவசம் அணிந்து வாட்பயிற்சி செய்த ஸ்டீவ் பெரின் போன்றவர்கள் உருவாக்கியது அது. அதில் உடம்பு ஏழு இடமாகப் பிரிகிறது: தலை, நெஞ்சு, வயிறு, இரண்டு கை, இரண்டு கால். எங்கே பட்டது என்று முதலில் உருட்ட வேண்டும்.

மச்சானின் இடது தொடையில் ஷெல் துண்டொன்று இன்னும் இருக்கிறது. வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டான்: “ஒம்பது புள்ளி போச்செண்டா எங்க பட்டதெண்டு கேக்க மாட்டியளோ?” நான் கைபேசியில் அந்த ஏழு இடக் கணக்கைக் காட்டினேன். கத்தியை வைத்துவிட்டு வாசித்தான். எந்தக் காலுக்கு எத்தனை புள்ளி, அது தீர்ந்தால் கால் என்ன ஆகும் என்று எல்லாம் இருக்கிறது. திருப்பித் தந்து, “வேண்டாம். பழைய கணக்கே நல்லம்,” என்றான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யதார்த்தமே உயர்ந்தது என்று வாதாடும் ஆட்களோடு நான் முழுதாகச் சேர முடியாமல் இருப்பதற்கு அன்றைய அந்தத் தலையாட்டல் ஒரு காரணம்.

ஆனால் சுமை வேறு.

பிள்ளைகள் ஆடியது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் பலம் 10 உள்ள சாதாரண ஆள் 150 இறாத்தல், அதாவது 68 கிலோ, வேகம் குறையாமல் தூக்கி நடப்பான். இன்டர்லாக்கன் பக்கத்தில் 1805 முதல் உன்ஸ்புனன் விழா நடக்கிறது. அதில் வீரர்கள் தலைக்குமேல் தூக்கி எறியும் கல் 83.5 கிலோ. எறிந்தவர்கள் சில மீட்டர் போனாலே பெருமைப்படுவார்கள். இந்த விதிப்படி பலம் 13 இருந்தால் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மூரனுக்கு ஏறலாம்.

டோல்கீனின் உலகத்தை வைத்தே செய்த விளையாட்டுகளும் உண்டு. 1984இல் வந்த ஒன்று கடுங்காயங்களுக்கு நீண்ட அட்டவணைகள் வைத்திருந்தது. 2011இல் இத்தாலியர் பிரான்செஸ்கோ நெப்பிடெல்லோ எழுதிய ‘தி வன் ரிங்’ அப்படிப் போகவில்லை. அதில் தூக்கும் பொருளின் பாரமெல்லாம் கூட்டிக் களைப்பு என்ற எண்ணாகிறது. உங்கள் தாங்குதிறன் குறைந்து அந்தக் களைப்பு எண்ணைத் தொட்டால் நீங்கள் சோர்ந்தவர். சோர்ந்தவருக்குத் திறமைப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பூச்சியம். கிராம் கணக்கு எதுவும் இல்லை, மிகச் சுருக்கமான விதி. ஆனால் 1911இல் மூட்டையோடு இந்த மலையில் ஏறியவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதைக் காசுக் கணக்கைவிட அது நன்றாகச் சொல்கிறது. களைத்தவனுக்குக் கைவந்த வேலையும் தவறும்.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் மகள் கேட்டாள்: “நீங்கள் 95இல என்ன தூக்கினனீங்கள்?”

அவளுக்கு இப்போது 16. எனக்கும் அப்போது 16. ஒக்டோபர் 30 இரவு ஒலிபெருக்கியில் வெளியேறச் சொன்னார்கள். இலட்சக்கணக்கான சனம் ஒரே வழியில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி, மழையில். யாழ்ப்பாணத்தில் இருந்து சாவகச்சேரி, இன்டர்லாக்கனில் இருந்து லவுட்டர்புருனனைவிடச் சற்றுக் கூடுதல் தூரம், அவ்வளவுதான். கைதடி போய்ச் சேரவே எங்களுக்கு விடிந்துவிட்டது.

சொன்னேன். என் முதுகில் அரைச் சாக்கு அரிசி. கையில் பொலித்தீனில் சுற்றிய சான்றிதழ்கள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அம்மாவின் சங்கிலி அவளுடைய சட்டைக்குள் தைத்திருந்தது. தையல் மெஷினைப் பாதி வழியில் அரியாலையில் ஒரு மதிலோரம் வைத்துவிட்டு வந்தோம். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா சைக்கிளைத் தள்ளினார். பின்னால் கரியரில் அப்பம்மா.

மகள் ஒரு வெற்றுப் பாத்திரத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். பழைய காசுக் கணக்கிலேயே போட்டாள். அரிசி 25 கிலோ, 550 காசு. அடுப்பு ஏறக்குறைய 60. மெஷினை எழுதிவிட்டு மேலே கோடு போட்டாள். சங்கிலி அரைக் காசுக்கும் குறைவு; எழுத முடியவில்லை. சான்றிதழ்களுக்கு, “இது 80க்குள்ள வரும்,” என்றாள். மச்சானின் மகன் தாளை எட்டிப் பார்த்து, “அப்ப நீங்கள் சும்மா வேகமாகவே நடந்திருக்கலாம், 3,000க்கு எவ்வளவோ குறைவு,” என்றான். விதிப்படி அவன் சொன்னது சரிதான்.

அப்பம்மா நாற்பது கிலோ இருப்பா என்றேன். 880 காசு என்று மகள் கணக்குப் பார்த்துவிட்டாள். ஆனால் எழுதவில்லை. தாளில் இரண்டு இடம் இருந்தது: மேலே கூட வருபவர்களின் பெயர், கீழே தூக்கும் சாமான்.

“அப்பம்மாவை எதில எழுதுறது?” என்று கேட்டாள்.