மறைந்த கூத்து நூல்களும் மீண்டெழுந்த நாடகத் தமிழும்

தமிழை முத்தமிழ் என்று நாம் பெருமையுடன் மொழிகின்றோம். இயற்றமிழுக்குத் தொல்காப்பியம் உண்டு. நாடகத் தமிழுக்குரிய பழைய நூல் எங்கே என நம் சிறுவர் வினவின், யாது விடை கூறுவோம்? அந்நூல்கள் எழுதப்படாமற் போகவில்லை; எழுதப்பெற்று, பேணுவாரின்றி அழிந்தன.

இதனை நமக்கு அறிவித்தவர் சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார். பரதம், அகத்தியம் முதலிய தொன்னூல்கள் இறந்தன என்றும், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்பவற்றுள் சில சூத்திரங்களே எஞ்சின என்றும் அவர் எழுதியுள்ளார். அவர் கையிலிருந்த மதிவாணர் நாடகத் தமிழ்நூலும் இன்று நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை.

1892-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அவ்வுரையுடன் அச்சிட்டார். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கு, மூவகைத் திரைகள், தூண்நிழல் விழாதவாறு ஏற்றிய விளக்கு என நம் முன்னோர் மேடை வகுத்த திறம் அப்பொழுது மீண்டும் வெளிப்பட்டது. ஐந்தாண்டுகளில், 1897-இல், பரிதிமாற் கலைஞர் ‘நாடகவியல்’ என்னும் இலக்கண நூலைச் செய்யுளில் இயற்றினார்.

வடமொழி நூல்களின் வரலாறும் இத்தகையதே. பரதரின் நாட்டிய சாத்திரத்துக்குக் காஷ்மீரத்து அபிநவகுப்தர் வரைந்த பேருரை, தொலைவிலுள்ள மலையாள நாட்டு ஏடுகளில் எஞ்சியிருந்தது. மானவல்லி இராமகிருஷ்ண கவி அதனைப் பதிப்பித்தார். முதற் பகுதி 1926-இல் பரோடாவில் வெளிவந்தது. அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கம் விபுலாநந்த அடிகளின் ‘மதங்க சூளாமணி’யை வெளியிட்டது. சேக்ஸ்பியர் நாடகங்களையும் தனஞ்சயரின் தசரூபகத்தையும் ஒருங்கே தமிழர்க்கு உணர்த்திய நூல் அது. ஈழத்துத் தமிழர் ஒருவரின் உழைப்பு மதுரையில் அச்சேறியது என்பது, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு ஊக்கம் தரவேண்டிய செய்தியன்றோ?

நமக்கு இன்னும் நெருங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் நண்பர்களுடன் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த அவர், வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் கடமையாற்றிக்கொண்டே நாடகம் எழுதினார், நடித்தார், பிறரைப் பயிற்றினார். அவ்வனுபவத்தை ‘நாடகமேடை நினைவுகள்’ என ஆறு பாகங்களாக எழுதி வைத்தார். அவர் எழுதாதிருந்தால் அம்மேடையும் முறுவலைப் போலவும் சயந்தத்தைப் போலவும் பெயரளவில் நின்றிருக்கும்.

நாமும் அலுவல் முடிந்து ஒத்திகைக்கு வருபவர்களே. கைதட்டல் அடங்கியதும் நாடகத்தின் கைப்பிரதி யாரிடம் செல்கின்றது? சென்ற ஆண்டின் பிரதியைத் தேடினால் கிடைக்குமா? இவ்வாண்டு முதலேனும் ஒவ்வொரு நாடகத்தின் பிரதியையும், அதனைப் பயிற்றியவர் எழுதும் ஒரு பக்கக் குறிப்பையும் சங்க நூலகத்தில் சேர்த்து வைப்போமாக. இழந்த நூல்களை மீட்பது நம் கையில் இல்லை. இனி இழவாமை நம் கையில் உளது.