வேங்கடத்துக் கொல்லையில் இஞ்சியும் அல்லமும்

தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. இன்றைய திருப்பதியும் சித்தூரும் அவ்வெல்லைப் பகுதியில் அமைந்தவை. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறியபோதும் இரு மொழிகளும் அங்கு அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. கொல்லையில் நிழல் பார்த்து வைக்கப்படும் ஒரே செடி தமிழ் வீட்டில் இஞ்சி. தெலுங்கு வீட்டில் அல்லம். உலர்ந்தபின் அது முறையே சுக்கு, சொண்டி எனப்படும்.

இஞ்சியின் பழமைக்குப் பட்டினப்பாலையில் சான்று உண்டு. ஆயினும் இச்சொல்லின் முந்தைய வடிவத்தை அறியப் பாலி மொழிக்குச் செல்ல வேண்டும். பௌத்தத் துறவியர் மருந்தாக வைத்துக்கொள்ளத்தக்க வேர்களுள் ஒன்றாக ‘சிங்கிவேர’ விநய நூலில் சுட்டப்படுகிறது. இதன் இறுதிப் பகுதி ‘வேர்’ என்னும் திராவிடச் சொல்லே. தமிழில் மொழிமுதற் சகரம் பல சொற்களில் மறைந்துள்ளது. ‘ஆறு’ என்னும் எண்ணுப்பெயர் கோண்டியில் சகரத்துடன் தொடங்குவது இதற்கு ஒரு சான்று. அவ்வாறே ‘சிங்கி’ என்பது ‘இஞ்சி’ ஆயிற்று என்பது மொழியியலார் கொள்கை. சகரம் மறையுமுன் வடக்கே சென்ற வடிவம் அதனைக் காத்துக்கொண்டது. வடமொழி அதனைச் ‘சிருங்கவேரம்’ ஆக்கி, கொம்பு போன்ற உருவமுடையது எனப் பொருள் கற்பித்தது. கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’, இலத்தீனில் ‘சிங்கிபெர்’ எனச் சென்ற அச்சொல்லைப் பேரினப் பெயராகக் கொண்டே 1807இல் வில்லியம் ரோஸ்கோ இஞ்சிக்குத் தாவரவியல் இனப்பெயர் சூட்டினார்.

அல்லம் வந்த வழி இதற்கு எதிரானது. ஈரமானது எனப் பொருள்படும் ‘ஆர்த்ர’ என்னும் வடசொல்லடியாக ‘ஆர்த்ரக’ பச்சை இஞ்சியைக் குறித்தது. அதன் பிராகிருத வடிவத்திலிருந்தே தெலுங்கு அல்லமும் கன்னட அல்லவும் வந்தன என்பர். இந்தியின் ‘அத்ரக்’ அதே குடும்பத்தது.

இவ்விரு பயணங்களுக்கும் செடியின் இயல்பே துணை. இஞ்சி விதை கொண்டு பெருகுவதில்லை. இரண்டு மூன்று முளைக்கணுக்கள் கொண்ட துண்டு ஒன்றைச் சித்திரை, வைகாசியில் ஊன்றினால் எட்டு, ஒன்பது மாதங்களில் கிழங்கு முற்றும். அதில் ஒரு பகுதி அடுத்த நடவுக்கு எடுத்துவைக்கப்படும். பறவையோ காற்றோ அதனைப் பரப்புவதில்லை. ஒருவர் கொடுக்க மற்றொருவர் பெற்றே அது இடம்பெயர்ந்தது. பெயரும் உடன் கைமாறியது.

எல்லைப்புறத்தில் எச்சொல் மண்ணுக்குரியது என்னும் வழக்கு எளிதில் எழும். வடக்கே சென்ற சொல்லின் தாயகம் தெற்கு; தெற்கே நிலைத்த சொல்லின் மூலம் வடக்கு. தமிழ் இழந்த சகரத்தைப் பாலி காத்துத் தந்திருக்கிறது. அண்டை மொழிகளை விலக்கிவிட்டு ஒரு மொழியின் வரலாற்றை எழுத இயலாது என்பதற்கு அக்கொல்லைச் செடியே போதிய சான்று.