மாளிகையும் அதன் முதலும்

ஆங்கிலச் சின்னத்திரைத் தொடர்களுள் ‘டவுன்டன் ஆபி’ (2010-2015) போன்று உலகெங்கும் புகழ் பெற்றவை சிலவே. மேல்தளத்தில் பிரபுவின் குடும்பம். கீழ்த்தளத்தில் சமையற்காரரும் ஏவலரும். இவ்விரு உலகங்களின் உறவும் பூசலுமே கதை. கதைக்களம் யார்க்ஷயர் எனினும், படமாக்கப்பெற்ற மாளிகை ஹாம்ப்ஷயரில் கார்னார்வன் பிரபுக்களுக்கு உரிய ஹைகிளியர்.

தொடர் காட்டும் தளர்ச்சி வரலாற்றுக்கு மாறானதன்று. 1870-களில் தொடங்கி அமெரிக்கக் கோதுமை நீராவிக் கப்பல்களில் வந்து குவிந்தது. தானிய விலை சரிய, குத்தகையை நம்பி வாழ்ந்த பிரபுக்களின் வருவாய் வற்றியது. இறந்தோர் சொத்தின்மேல் 1894-இல் விதிக்கப்பட்ட வரி மற்றுமொரு சுமையாயிற்று. கதையில் கிரந்தம் பிரபு அமெரிக்கச் செல்வர் மகளை மணந்து மாளிகையைக் காக்கிறார். ஹைகிளியரிலும் ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது. 1895-இல் ஐந்தாம் கார்னார்வன் பிரபு அல்மினாவை மணந்தபோது, வங்கிச் செல்வர் ஆல்ஃபிரட் டி ராத்சைல்ட் அளித்த பெருஞ்சீர் அவர்தம் கடன்களைத் தீர்த்தது. பின்னாளில் துட்டன்காமன் கல்லறை அகழ்வுக்குப் பொருள் தந்தவரும் இப்பிரபுவே.

ஆயின், செல்வம் போன வழியை விரித்துரைக்கும் தொடர், இத்தகைய மாளிகைகள் பலவற்றுக்கு அது வந்த வழியைக் கூறுவதில்லை. கிரந்தம் பிரபுவின் லண்டன் மனையாகக் காட்டப்பெறும் அறைகள், பெர்க்ஷயரிலுள்ள பாசில்டன் பார்க் மாளிகையைச் சேர்ந்தவை. 1776-இல் அதனைக் கட்டத் தொடங்கிய பிரான்சிஸ் சைக்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் பேராளராக முர்ஷிதாபாத் நவாபின் அவையில் இருந்து, வங்காளத்தில் பொருள் குவித்தவர். அத்தகையோரை அந்நாட்டார் ‘நாபாப்’ என்று எள்ளினர். ‘நவாப்’ என்னும் சொல் ஆங்கிலேயர் நாவில் அடைந்த இழிபொருள் இது!

பாசில்டனை வடிவமைத்த ஜான் கார் என்பவரே முன்னர் ஹேர்வுட் மாளிகையையும் எழுப்பியவர். உண்மையாகவே யார்க்ஷயரில் உள்ள இது, 2019-இல் வெளிவந்த டவுன்டன் திரைப்படத்தில் தன் பெயரோடே இடம்பெற்றது. லாசெல்ஸ் குடும்பத்தின் மேற்கிந்தியச் சர்க்கரைச் செல்வத்தால் 1759-இல் தொடங்கி எழுப்பப்பட்டது. அறைகலன்கள் சிப்பென்டேல் கைவண்ணம். கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர் ஆப்பிரிக்க அடிமைகள். 1833-இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டமியற்றிய நாடாளுமன்றம், உடைமையாளர்க்கு 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. 1,277 பேருக்காக ஹேர்வுட் பிரபு பெற்றது 26,000 பவுனுக்கு மேல். அந்த 1,277 பேர் பெற்றது ஒன்றுமில்லை. விடுதலைகூட உடனே கிட்டவில்லை. பயிற்சித் தொழிலாளர் என்னும் பெயரில் 1838 வரை பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்க நேர்ந்தது. இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடனின் எச்சமோ 2015-இல்தான் தீர்ந்தது.

பழைய மாளிகைகளைக் காத்துவரும் தேசிய அறக்கட்டளை, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களின் அடிமை வாணிக, குடியேற்றத் தொடர்புகளை 2020-இல் வெளியிட்டபோது, நாட்டின் பெருமையைக் குலைப்பதாகச் சினந்தோர் பலர். கணக்கேட்டில் உள்ளதைப் படித்தற்கு எழுந்த சினம் அது. ஹேர்வுட் குடும்பத்தார் அவ்வழிச் செல்லவில்லை. டேவிட் ஹேர்வுட் என்னும் கறுப்பின நடிகரின் முன்னோர் பார்படோஸில் லாசெல்ஸ் தோட்டத்து அடிமைகள். உடைமையாளரின் பட்டப்பெயரே அவர்தம் குடிப்பெயராயிற்று. 2023-இல் அந்நடிகரின் உருவப்படம் அம்மாளிகையில் வைக்கப்பட்டது.