ஸ்பார்க் பிளக் பார்த்துப் பழைய கார் எஞ்சினின் நிலையறிதல்

பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருந்த அதன் முனையில் படிந்துள்ள படிவின் நிறம், ஈரம், மின்முனைகளின் தேய்வு ஆகியவற்றைக் கொண்டு உள்ளே எரிதல் எவ்வாறு நடைபெறுகிறது என்று கண்டறியும் முறை இது. கார்புரேட்டரும் கான்டாக்ட் பாயிண்ட்டும் கொண்ட பழைய கார்களில், பெட்ரோலும் காற்றும் சேரும் விகிதத்தை ஓட்டத்தின்போதே அளந்து திருத்தும் மின்னணு ஏற்பாடு எதுவும் இல்லாமையால், எஞ்சினைப் பிரிக்காமல் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய முதற்சான்று பிளக்கே ஆகும். டீசல் அம்பாசடர் காருக்கு இம்முறை பொருந்தாது. டீசல் அழுத்தத்தால் எழும் வெப்பத்திலேயே பற்றிக்கொள்வது, அதிலுள்ள ஹீட்டர் பிளக் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டுமே உதவுவது.

பிளக்கின் நடு மின்முனையைப் பீங்கான் காப்பு சூழ்ந்திருக்க, அதற்கு வெளியே மரையிட்ட எஃகுக் கூடும், கூட்டின் விளிம்பிலிருந்து வளைந்து வரும் பக்க மின்முனையும் அமைந்துள்ளன. இரு மின்முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, பட்டறையில் ‘கேப்’ எனப்படுவது, அம்பாசடரின் பழைய 1,489 சி.சி. எஞ்சினுக்கு ஏறத்தாழ 0.64 மி.மீ. இருக்க வேண்டும். பீங்கானின் முனை சுமார் 450 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடேறினால்தான் அதன்மேல் படியும் கரி தானாக எரிந்து நீங்கும்; 850 டிகிரிக்கு மேல் போனாலோ, பொறி பிறக்கும் முன்பே தணலாகிவிட்ட முனை கலவையைப் பற்றவைத்துப் பிஸ்டனைக் கெடுத்துவிடும். முனை நீண்ட பிளக்கில் வெப்பம் மெல்ல வெளியேறுவதால் அது ‘சூட்டுப் பிளக்’ என்றும், முனை குட்டையானது ‘குளிர்ப் பிளக்’ என்றும் வகுக்கப்படும்.

இவ்வகுப்பைக் குறிக்கும் எண்களில் ஒற்றுமை இல்லை என்பது நிறம் பார்ப்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது. ஜப்பானின் என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ப் பிளக். பாஷ் நிறுவனத்தின் இன்றைய வரிசையில் எண் கூடினால் சூட்டுப் பிளக். அதே பாஷின் பழைய மூவிலக்க வரிசையிலோ எண் கூடக்கூடக் குளிர்ப் பிளக். பெங்களூரில் 1951-இல் தொடங்கப்பெற்று, பின்னர் பாஷ் என்றே பெயர் மாறிய மைக்கோ நிறுவனத்தின் பழைய பிளக்குகள் இன்னும் சில பட்டறைகளில் கிடைப்பதால், எண்ணை மட்டும் பார்த்து மாற்றிப் போடுவது தவறான நிறத்துக்கும் தவறான முடிவுக்கும் வழிவகுக்கும்.

பிளக்கை எந்நேரத்தில் கழற்றுவது என்பதைப் பொறுத்தே அது சொல்லும் செய்தி அமையும். கொட்டகையில் பத்து நிமிடம் ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக் எப்போதும் கறுத்தே இருக்கும். அது ஐட்லிங்கின் நிறமேயன்றி எஞ்சினின் நிறமன்று. நன்கு சூடேறிய வண்டியைச் சமதரைச் சாலையில் சில கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, அதே வேகத்தில் கிளட்சை மிதித்துச் சாவியை அணைத்து, உருண்டு நின்றபின் பிளக்குகளைக் கழற்றுவதே முறை. காவிரி டெல்டாவின் மேடுபள்ளமற்ற சாலைகள் இதற்கு ஏற்றவை. எனினும் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குச் செல்லும் சாலையில், வெளிமான்கள் வாழும் சரணாலயப் பகுதிக்கு முன்னரே சோதனையை முடித்துக்கொள்வது நல்லது. கழற்றிய நான்கையும் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணி, வரிசை மாறாமல் ஒரு பலகையில் வைக்க வேண்டும். வரிசை கலைந்தால் பாதிச் செய்தி போய்விடும்.

நான்கும் ஒரே நிறத்தில் கெட்டிருந்தால் குறை எல்லாவற்றுக்கும் பொதுவான கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், பொறி எழும் நேரமாகிய டைமிங் போன்றவற்றில் இருக்கும்; ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்த சிலிண்டரில் இருக்கும். அம்பாசடரின் பி.எம்.சி. வகை எஞ்சினில் முதலிரு சிலிண்டர்களுக்கு ஒன்றும், பின்னிரு சிலிண்டர்களுக்கு ஒன்றுமாக இரண்டே உட்புகு வாய்கள் இருப்பதால், 1, 2 ஆகிய பிளக்குகள் மட்டும் வெளுத்திருந்தால் அவற்றுக்கான மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று புகுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களின் பிளக்குகள் கழுவி வைத்தாற்போல் படிவின்றித் துலங்கினால் ஹெட் கேஸ்கெட் வழியே தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளிர் பழுப்பு நலத்தின் அறிகுறி. உலர்ந்த கரும்புகைக் கரி, பெட்ரோல் மிகுந்ததையோ, சோக் முழுதும் திறவாததையோ, பொறி வலுவிழந்ததையோ காட்டும். ஈரமான கறுப்பில் இருவகை உண்டு: சற்று நேரத்தில் உலர்ந்துவிடுவது எரியாத பெட்ரோல்; உலராமல் விரலில் வழுக்குவது ஆயில், அதாவது பிஸ்டன் ரிங்கோ வால்வ் கைடோ தேய்ந்ததன் விளைவு. சுண்ணாம்பாக வெளுத்துக் கொப்புளித்த பீங்கான், காற்று மிகுந்த கலவையையோ முந்திய டைமிங்கையோ குறிக்கும். இவை எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் காணும் நுண்புள்ளிகளே. அவற்றுள் பளபளப்பவை உருகத் தொடங்கிய பிஸ்டனின் அலுமினியமாக இருக்கக்கூடுமாதலால், அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டுதல் கூடாது.

பழைய கையேடுகளிலுள்ள நிற விளக்கங்கள் ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தவை. இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995-இல் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டபின், ஈயம் தந்த பழுப்புப் படிவு இல்லாமற்போகவே நலமான பிளக்கும் முன்னைவிட வெளுத்தே காணப்படுகிறது. கையேட்டு நிறத்தை எட்டுவதற்காக, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்குவது பெட்ரோலை வீணாக்குவதாகும். இதற்கு நேர்மாறான சிக்கலை இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் கொண்டுவந்துள்ளது. தூய பெட்ரோலின் ஒரு பங்குக்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று தேவைப்பட, 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 பங்கே போதும் என்பதால், பழைய ஜெட்டைக் கொண்ட கார்புரேட்டரில் கலவை உண்மையாகவே காற்று மிகுந்ததாகிவிடுகிறது. ஆகவே இன்று வெளுத்த பிளக்கைக் கண்டால், வெறும் வெளுப்பா, கொப்புளமும் மின்முனைத் தேய்வும் சேர்ந்த வெளுப்பா என்று பிரித்தறிவது இன்றியமையாதது; பின்னதாயின் மெயின் ஜெட்டை ஓரளவு பெரிதாக்குவது முறையே.

இடமும் நிறத்தை மாற்றும். கடல்மட்டத்தையொட்டிய கோடியக்கரையில் சரியாக அமைத்த கார்புரேட்டர், 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவதால், பெட்ரோல் மிகுந்த கலவையைத் தந்து பிளக்கைக் கறுக்கச் செய்யும்.

வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடும் கோடியக்கரையிலும், உப்பளங்கள் சூழ்ந்த வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி வட்டாரத்திலும், பிளக்கின் உள்முனையோடு வெளிப்புறத்தையும் பார்க்க வேண்டியுள்ளது. உப்புக் காற்றில் பீங்கானின் வெளிப்பரப்பில் படியும் மெல்லிய உப்புப்படலம், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்துவதால், உயரழுத்த மின்சாரம் கேப்பைத் தாண்டுவதை விட்டுப் பீங்கானின் மேற்பரப்பு வழியே எஃகுக் கூட்டுக்குப் பாய்ந்துவிடும். அவ்வேளையில் பொறியற்ற சிலிண்டரின் பிளக் பெட்ரோலில் நனைந்து கறுப்பதால், குற்றம் கார்புரேட்டரின்மேல் விழுகிறது. இரவில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது பிளக்கின் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேலும் நீலப்பொறி ஊர்கிறதா என்று நோக்கினால் உண்மை புலப்படும். பீங்கானை உலர்ந்த துணியால் துடைத்தாலே பலவேளை குறை நீங்கும். ஆயினும் பீங்கான் கூட்டினுள் நுழையும் இடத்தில் தோன்றும் பழுப்பு வளையம் உயரழுத்த மின்புலத்தால் ஈர்க்கப்பட்ட எண்ணெய்த் துகள்களால் வருவது. வாயுக் கசிவு என்று கருதி அதற்காகப் பிளக்கைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

புதிய பிளக் சில நூறு கிலோமீட்டராவது ஓடிய பின்னரே நிலையான நிறம் கொள்ளும். எமரி தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யும் வழக்கம் பீங்கானில் கீறல்களை உண்டாக்கிக் கரியை மேலும் விரைவாகப் பிடிக்கச் செய்யும். ஆயில் படிந்த பிளக்கைக் கண்டவுடன் எஞ்சினைப் பிரிப்பதும் அவசரமே. கம்ப்ரெஷன் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, குறைந்துள்ள சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் அளக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங்கும், ஏறாவிட்டால் வால்வும் ஐயத்துக்குரியவை.